கணவாய் ஓட்டில் வார்த்த பேய்கள்

திருகோணமலைக்கு வந்த வெள்ளைக்காரனுக்குப் பேய் செய்து கொடுத்த முதல் ஆள் நான்தான். கப்பலேறி வெளிநாடு போன பேய்கள் அவை. இன்றைக்கும் ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவருடைய மேசையில் நின்றுகொண்டிருக்கும்.

சரி, பொய். செய்தது அக்கா. நான் செய்ததெல்லாம் அக்காவுக்கு முன்னால் சட்டையில்லாமல் குந்தியிருந்து பல்லைக் காட்டியதுதான். பேய்க்கு முகம் கொடுத்தவன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அந்த முகத்தைத்தான் இப்போதும் காவிக்கொண்டு திரிகிறேன். காது அதே காது. பல்லில்தான் பாதி போய்விட்டது.

என் வயதுக்காரரான உங்களுக்கு இதைச் சொல்லலாம். இளசுகளுக்குச் சொன்னால் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கொப்ளின் எண்டால் பச்சை நிறம்" என்று எனக்கே படிப்பிக்கிறார்கள். பச்சையாம். நாங்கள் செய்த நாளில் அது ஈய நிறம். ஐந்தாம் வகுப்பை மூன்று தரம் படித்தவனோடு வாதாடினால் அவர்களுக்குத்தான் நேரம் வீண். எனக்கும் வாதாடக் களைப்பாக இருக்கிறது. முழங்கால் நோ, சீனி வருத்தம், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கண் தானாக மூடிக்கொள்கிறது. மூடுவதற்குள் சொல்லப் பார்க்கிறேன்.

கரைவலைக் காலம் தொடங்குகிற பங்குனி அது. எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அப்போதெல்லாம் உள் துறைமுகத்தில் இடைக்கிடை ஒரு பாய்க்கப்பல் வந்து நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த முறை வந்ததில் ஒரு தகப்பன், ஒரு தாய், அக்காவின் வயதில் ஒரு பெடியன். இயந்திரத்தில் ஏதோ உடைந்து, அதற்குச் சாமான் வெளிநாட்டிலிருந்து வரும்வரை கிடந்தார்கள். தகப்பன் முழுநாளும் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். தாய் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு நித்திரை. பெடியனோடு கதைக்க ஆளில்லை. இறங்குதுறைப் படியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பான்.

அம்மாவின் கருவாட்டைச் சந்தையில் கொடுத்துவிட்டு அக்காவும் நானும் அந்த வழியால்தான் திரும்புவோம். நான் வாயில் ஈ போவது தெரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பெட்டியைத் திறந்து காட்டினான்.

உள்ளே ஒரு புத்தகம். தாயக்கட்டை மாதிரிச் சில கட்டைகள், ஆனால் நாலு பக்கமில்லை, எட்டுப் பக்கம், இருபது பக்கம் என்று விதம் விதமாக. பிறகு பெருவிரல் அளவில் ஈயப் பொம்மைகள். வாள்காரன், வில்காரன், தாடிக் கிழவன். ஒரு பழந்துணியில் சுற்றி வேறாக வைத்திருந்தவை பத்துக் குட்டிப் பேய்கள். இங்கிலீசில் அதற்குப் பெயர் கொப்ளின்.

அது எப்படிப்பட்ட விளையாட்டு என்று எனக்கு விளங்கவே பத்து நாள் போனது. பலகை இல்லை. கோடு இல்லை. கதைத்தே விளையாடுகிறார்கள். "நீ ஒரு குகைக்குள் போகிறாய், முன்னால் பேய் நிற்கிறது, என்ன செய்வாய்?" என்று அவன் கேட்பான். அக்கா பள்ளிக்கூட இங்கிலீசில் பதில் சொல்லுவா. நான் தமிழில் "ஓடுவன்" என்பேன். கட்டையை உருட்டினால் ஓடவும் ஏலாது என்று வரும். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த விளையாட்டில்கூட எனக்குத் தப்ப வழி இருக்கவில்லை.

ஒரு நாள் அவன் கப்பலிலிருந்து சின்னத் தோணியில் கரைக்கு வரும்போது, படிக்கட்டில் காலை வைத்தான், தோணி பின்னால் நழுவியது, பெட்டி கவிழ்ந்தது. புத்தகம் மிதந்தது. கட்டைகள் அவனுடைய காற்சட்டைப் பையில் இருந்தபடியால் தப்பின. ஈயம் மிதக்குமா? நம்முடைய துறைமுகத்தின் ஆழம் உங்களுக்குத் தெரியும். யுத்தக் கப்பலே காணாமல் போகிற ஆழம். வாள்காரனும் வில்காரனும் கிழவனும் படியில் தட்டி நின்றுவிட்டார்கள். துணிப் பொட்டலம் அப்படியே போய்விட்டது.

அவன் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு தாளாகக் கழற்றி, கல்லைப் பாரம் வைத்துப் படிக்கட்டில் காயப்போட்டான். நாங்கள் கச்சான் கடலை வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு மான் வந்து நாலு தாளைத் தின்றுவிட்டது. டவுனில் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்களுக்கு வாழைப்பழத் தோலும் கடதாசியும் ஒன்றுதானே. கொப்ளின் படம் இருந்த தாள் அதன் வாயிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது. நான் துரத்தினேன். அது மென்றுகொண்டே ஓடியது.

ஆக, பொம்மையும் இல்லை, படமும் இல்லை. பேய் இல்லாமல் விளையாட்டு இல்லை. அவன் அக்காவிடம் கேட்டான். செய்து தந்தால் வர்ணப் பெட்டி தருவதாகச் சொன்னான். சின்னச் சின்னத் தகரக் குழாய்களில் பன்னிரண்டு வர்ணம், இரண்டு தூரிகை. அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை நான் வேறு எந்தச் சாமானைப் பார்த்தும் கண்டதில்லை. பிற்பாடு மாப்பிள்ளையைப் பார்த்தபோதும் இல்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரையில் ஒதுங்குகிற கணவாய் மீனின் ஓட்டைப் பொறுக்கி, சட்டை ஊசியால் அதில் படம் கீறுவா. வெள்ளையாக, மெதுவாக, நகம் பட்டாலே பள்ளம் விழுகிற ஓடு. வாடியில், அதுதான் வலை வைக்கிற கடற்கரைக் கொட்டிலில், எங்கள் ஆட்கள் வலைக்கு ஈயக் குண்டு ஊற்றுவதை நாங்கள் பிறந்த நாள் முதல் பார்த்தவர்கள். இரண்டையும் சேர்த்தது அக்காவின் மூளை. இரண்டு ஓடுகளைத் தட்டையாகத் தேய்த்து, ஒன்றில் பேயின் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம் குடைந்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு துளை விட்டு உருகின ஈயத்தை ஊற்றுவது. ஊற்றும்போது மயிர் கருகுவது மாதிரி ஒரு மணம் வரும். அந்த மணம் இப்போதும் சில நேரம் மூக்கில் வந்து நிற்கிறது. எங்கேயிருந்து வருகிறது என்று தேடினால் ஒன்றும் இருக்காது.

ஈயத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் நான். அப்பாவின் வலை வாடியில் குவிந்து கிடந்தது. காலம் தொடங்க இன்னும் மூன்று கிழமை. மத்தியானத்தில் எல்லாரும் படுத்திருக்கும்போது போய் வலையை மண்ணோடு அழுத்திப் பிடிக்கிற அடிக்கயிற்றிலிருந்து குண்டுகளை அறுத்தெடுத்தேன். ஒரு குண்டுக்கு ஒரு பேய், ஒன்று பழுதானால் என்று இன்னொன்று கூட, மொத்தம் பதினொன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்திருந்தால் ஒரு மனிதருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நான் சோம்பேறி. வலையைப் புரட்டப் பஞ்சிப்பட்டு, கைக்கு எட்டின ஒரே இடத்தில் வரிசையாக அறுத்தேன். அந்த இடம் மடியின் வாய். இழுத்து வருகிற மீனெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற பை இருக்கிறதே, அதனுடைய வாசல்.

இனிப் பேயின் முகத்துக்கு வருகிறேன்.

அக்கா முதலில் செய்தது சூரனை. கோயில் சூரன்போரில் பார்க்கிறோமே, அந்தச் சூரன். முறுக்கு மீசை, உருண்டைக் கண், தூண் மாதிரித் தொடை. எங்களுக்குத் தெரிந்த கெட்டவன் அவன்தான். கப்பல் பெடியன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"என்னவாம்?" என்று நான் கேட்டேன்.

"இது ராசா மாதிரி இருக்காம்," என்றா அக்கா. "கொப்ளின் ராசா இல்லையாம். சின்னனாம். பயந்ததாம். தனிய வராதாம், கூட்டமா வருமாம்."

"அப்ப வேற என்ன அடையாளம்?"

அவன் சொல்லச் சொல்ல அக்கா தமிழில் சொன்னா. "மெல்லிசான கை காலாம். வயிறு முன்னுக்குத் தள்ளினதாம். கிழிஞ்ச உடுப்பாம். காது பெருசாம். பல்லு வெளிய நிக்குமாம். பொந்துக்குள்ள இருக்குமாம், களவெடுக்குமாம்."

சொல்லி முடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தா. அவனும் என்னைப் பார்த்தான்.

"என்னத்துக்கு ரெண்டு பேரும் என்னைப் பாக்கிறீங்கள்?"

"சட்டையைக் கழட்டிப்போட்டு அதில குந்து," என்றா அக்கா.

மூன்று நாள் குந்தினேன். முருங்கைக்குக் கீழே, ஒரு தடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டியபடி. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இவனுக்கு வயித்துக்குத்தோ?" என்று கேட்டா. அக்கா ஊசியால் குடைவதும் என் காதைப் பார்ப்பதும் மறுபடி குடைவதுமாக இருந்தா. ஓட்டுக்கு உள்ளே மெல்லிய வரி வரியாக இருக்குமல்லவா, ஈயம் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டது. வெளியே வந்த பேயின் உடம்பெல்லாம் சுருக்கம். பதினொரு வயதுப் பெடியனின் உடலில் எழுபது வயதுத் தோல். அதைத் திட்டம் போட்டு யாராலும் செய்திருக்க ஏலாது. கப்பல் பெடியன் விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

ஆனால் அப்போதும் அவனுக்குத் திருப்தி இல்லை. வாள்காரனுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தான். எடுத்தான். மறுபடி நிறுத்தினான்.

"இப்ப என்ன குறை?"

"பாவமா இருக்காம்," என்றா அக்கா. "பாத்தா அடிக்க மனம் வராதாம். அடிச்சா ஒண்டுமில்லை எண்ட மாதிரி முகம் வேணுமாம்."

எனக்குக் கோபம். மூன்று நாள் முதுகு நோகக் குந்தினது வீண். பேயாகக்கூட இவன் என்னைத் தேர்வில் எடுக்கவில்லையே என்று. அக்கா யோசித்தா. பிறகு என் காதையும் வயிற்றையும் வைத்துக்கொண்டு மூக்கை மாற்றினா. வாயின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் மேலே இழுத்தா. கன்னத்தில் ஊசி நுனியால் குத்திக் குத்திப் புள்ளி வைத்தா. அவ்வளவுதான். கப்பல் பெடியன் துள்ளினான். இதுதான், இதுதான் என்றான்.

அது யாருடைய மூக்கு என்று எனக்கு உடனே தெரிந்தது. எங்கள் மடிக்காரருடையது.

மடிக்காரர் என்றால், வலையை இழுக்கும்போது மடிக்குப் பின்னால் நீந்தி வந்து அதைக் காப்பவர். ஒவ்வொரு காலமும் மூதூருக்கு அப்பால் இலங்கைத்துறையிலிருந்து வந்து எங்கள் வாடியில் தங்குவார். சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் குழி. துடுப்பு அடித்து மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, மேலுதடும் அதோடு கோணிவிட்டது. புதிதாகப் பார்க்கிற சின்னப்பிள்ளைகள் அழும். அவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு அப்பால் போய்விடுவார், பிள்ளை அழக்கூடாதென்று. அவ்வளவு மெதுவாகக் கதைக்கிற மனிதரை நான் கரையில் கண்டதில்லை. எனக்கு நீந்தப் பழக்கியது அவர்தான். பழக்கினார் என்றால், நான் மூன்று தரம் தண்ணீருக்குள் தாண்டு போக, மூன்று தரம் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார்.

அந்த மூக்கோடு பத்துப் பேய் நன்றாக வந்தன. ஒன்றுக்கு ஒரு காது ஊற்றுப்படாமல் போனது. அதை அவன் வேண்டாமென்று விட்டுவிட்டான். சூரனையும் என் முகத்தோடு செய்தவற்றையும் மறுபடி உருக்கித்தான் இவற்றை ஊற்றினோம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். எனக்கு அதில் ஒரு மனக்குறை இன்றைக்கும் உண்டு.

ஒரு கிழமை விளையாடினோம். வாள்காரன் பேய்களை வெட்டினான், அவை மறுநாளும் வந்தன. பிறகு சாமான் வந்தது, கப்பல் புறப்பட்டது. அக்காவின் கையில் வர்ணப் பெட்டி. பத்துப் பேயும் கப்பலில்.

அதற்கு அடுத்த நாள் முதல் வலை.

முதல் வலை என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோயிலில் பூசை, கரையில் ஊரே நிற்கும். வலை அப்பாவுடையது. கரையில் நின்று ஆட்களை வேலை வாங்குவது மாமா, அம்மாவின் தம்பி. தோணி வளைத்துக்கொண்டு வந்து கயிற்றைக் கரையில் போட்டதும் இரண்டு பக்கமும் அம்பாப் பாட்டுப் பாடி இழுக்கத் தொடங்கினார்கள். தண்ணீருக்குள் பாரை மீன். வெள்ளித் தகட்டைப் பரப்பின மாதிரி மின்னியது. பறவைகள் வந்து குத்தின. அப்பா வாயில் வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

கரைக்கு முப்பது பாகத் தூரம் இருக்கும்போது மடிக்காரரின் குரல் கேட்டது. "அடி எழும்புது! முதலாளி, அடி எழும்புது!" அவர் தாண்டு போனார். எழும்பினார். மறுபடி தாண்டு போனார். மடி வாயின் கயிற்றைக் காலால் மிதித்து மண்ணோடு அழுத்தப் பார்த்திருக்கிறார். ஒரு மனிதருடைய பாரம் எவ்வளவுக்குப் போதும்? தண்ணீருக்குள் மின்னினது எழும்பின கயிற்றுக்குக் கீழால் ஒரு மூச்சில் வெளியே போய்விட்டது. கரைக்கு வந்த மடியில் கடற்சொறியும் பாசியும் கொஞ்சம் சூடை மீனும்.

அம்பா பாடின வாய்களெல்லாம் மூடிவிட்டன. மடிக்காரர் மூச்சிரைக்க அடிக்கயிற்றைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"இஞ்ச பாருங்க முதலாளி. பதினொரு இடம் வெறுங்கயிறு. அறுத்திருக்கு. கத்தி பட்ட அடையாளம் கிடக்கு."

"எண்ணியும் வச்சிருக்கிறார்," என்றார் மாமா.

"நான் இப்பதான் எண்ணினனான் தம்பி."

"வாடியில படுக்கிறது ஆர்? மடியில கை வைக்கிறது ஆர்? ஊர்ப் பெடியள் வலையில கை வைப்பாங்களோ?" மாமா ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு முந்தியே தெரியும். மூஞ்சியைப் பாத்தாலே விளங்கேல்லையோ உங்களுக்கு?"

 எல்லாரும் மடிக்காரருடைய முகத்தைப் பார்த்தார்கள். பத்து வருடமாகப் பார்த்த முகம். அன்றைக்குத்தான் அதில் ஏதோ எழுதியிருந்த மாதிரிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் அறுத்ததுதான், நான்தான் எடுத்தேன், இருந்தும் ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது என்றால் பாருங்கள்.

அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு மடிக்காரரிடம், "நாளைக்கு ஊருக்குப் போம்," என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் அப்பா கதிரையில் தனியே இருந்தபோது போய்ச் சொன்னேன். அக்காதான் தள்ளிவிட்டா; நானாகப் போகிற ஆளில்லை. பேய், கணவாய் ஓடு, மான் எல்லாம் சொன்னேன். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு எழும்பி ஒரு அறை விட்டார். காது இரைந்தது.

"ஆரிட்டயும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாத. நாப்பது பேருக்கு முன்னால போகச் சொன்னனான். விடிஞ்சாப்போல வாரும் எண்டு கூப்பிட்டா, நாளைக்கு ஒருத்தன் என்ர சொல்லுக்குக் கயிறு இழுப்பானோ? மாமாவின்ர முகத்தில கரி பூசுறதோ?"

"அவர் எடுக்கேல்லையே அப்பா."

"தெரியும். அதுதான் சொல்லுறன், வாயை மூடு."

களவுக்கு அடித்தார் என்றுதான் கன காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சொன்னதற்கு அடித்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அவரும் மாமாவைப் போல நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார். அன்றைக்கு அவருக்கு நாற்பது வயது. இப்போது எனக்கு அவரைவிட எவ்வளவோ கூட. கோபம்கூட ஒரு அளவுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக் களைக்கிறது.

காலையில் ஓடினேன். மடிக்காரர் ஏறவேண்டிய மூதூர் லாஞ்சிப் படகு புறப்படுகிற நேரம். ஒற்றைக் காதுப் பேயைக் கையில் பொத்திக்கொண்டு ஓடினேன். அதைக் காட்டி, இதுதான் வலையில் போன ஈயம், எடுத்தது நான் என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தைக்கூட அப்படி நான் பாடமாக்கியதில்லை.

மடிக்காரர் ஒரு துணி மூட்டையோடு இறங்குதுறையில் நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். நான் கையை விரித்தேன்.  அவர் பேயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் செஞ்சது?"

"அக்கா."

"இது என்ர மூக்கெல்லோ!" தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "குழியும் வச்சிருக்கிறா பிள்ளை. என்னை ஒருத்தரும் ஒரு படம்கூட எடுத்ததில்லை, தெரியுமோ? எனக்கோ இது?"

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அது என்ன உரு, எதற்குச் செய்தது, ஏன் அந்த மூக்கு வைத்தது என்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஏலுமா? பாடமாக்கின வசனம் போன இடம் தெரியவில்லை. அவர் அதைச் சாரத்துக்குள் இடுப்பில் பத்திரமாகச் செருகினார். அக்காவுக்குச் சொல்லச் சொன்னார், கவனமாக வைத்திருப்பாராம்.

அப்போதுதான் மாமாவின் சைக்கிள் வந்தது.

"மூட்டையை அவிழும். எங்கட சாமான் ஏதும் போகுதோ எண்டு பாப்பம்."

லாஞ்சிக்கு நின்ற சனமெல்லாம் சுற்றி நின்றது. மடிக்காரர் அவிழ்த்தார். இரண்டு சாரம், ஒரு சீப்பு, அம்மா கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. மாமா காலால் தட்டிப் பார்த்தார். பிறகு இடுப்பில் மேடாகத் தெரிந்ததைக் கண்டார். கையை விட்டு இழுத்தெடுத்தார். நகத்தால் கீறினார்.

"ஈயம்," என்றார். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "பாருங்கோ எல்லாரும். ஈயம்! நான் சொன்னனானோ இல்லையோ?"

நான் கொடுத்தது. மன்னிப்புக் கேட்க என்று கொண்டுபோய், களவுப் பொருளை அந்த மனிதருடைய இடுப்பில் நானே வைத்துவிட்டேன்.

"எங்கால வந்தது இது?" என்று மாமா கேட்டார்.

மடிக்காரர் என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லு என்று கண்ணாலும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது மாதிரி. சனமும் அவர் பார்த்த பக்கம் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க உங்கட கலியாணப் படம் மாதிரி இருக்கு," என்றேன். "வலப் பக்கம் மாமி."

 சனம் வெடித்தது. மூட்டைக்காரர், டிக்கெட் கொடுக்கிறவர், மீன்காரிகள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா சிவந்து கறுத்து, பேயைக் கடலுக்குள் எறிந்துவிட்டு என்னை அடிக்கத் துரத்தினார். நான் மான் மாதிரி ஓடினேன். தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது மடிக்காரரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். கோணின உதட்டோடு. சிரித்துக்கொண்டே மூட்டையைக் கட்டினார். லாஞ்சி ஊதியது. ஏறினார்.

அக்கா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. வர்ணக் குழாய்கள் மூடி திறக்காமலே காய்ந்து கல்லாகிப்போயின. மாமாவுக்கு அடித்த அந்தப் பகிடிதான் நான் ஊருக்குள் சொன்ன முதல் பகிடி. "அந்தச் சின்னவன், வாய்க்காரன்" என்று அன்றைக்கிருந்து பெயர். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் என்னை அதற்காகவே கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

மடிக்காரரைத் தேடி ஒரு தரம் இலங்கைத்துறைக்குப் போனேன். மீசை அரும்புகிற வயது. லாஞ்சியில் மூதூர் போய், பஸ் பிடித்து, மிச்சத்தை நடந்தேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மடிக்காரர், மடிக்காரர் என்றே கூப்பிட்டிருக்கிறோம். கிணற்றடியில் நின்ற ஒரு பெண்ணிடம் முகத்தைச் சொல்லித்தான் கேட்டேன். அம்மைக் குழி, சாய்ந்த மூக்கு, கோணின உதடு என்று.

அவ வாளியைக் கீழே வைத்தா.

"ஆர், திருகோணமலையில வலை ஈயம் களவெடுத்துப் பிடிபட்ட மனிசனோ?"

ஊரிலிருந்து அங்கே எத்தனை கட்டை தூரம்! அந்தச் சொல் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"இப்ப அவரை ஒருத்தரும் வலைக்குக் கூப்பிடுறதில்லை," என்றா. "அந்தா, அந்த விளாத்தி மரத்துக்குக் கீழ படுத்திருக்கிறார். நீ ஆர் தம்பி? அவருக்கு என்ன வேணும்?"

விளாத்தி தெரிந்தது. நிழலில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் படுத்திருந்ததும் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான்...

"இஞ்சாருங்கோ! பைப்பில தண்ணி வந்திட்டுது. அங்க இருந்து என்ன எழுத்து? வந்து வாளியைப் பிடியுங்கோ, நிண்டிடப் போகுது!"

வாறன், வாறன். குசினியிலிருந்து என் மனிசி. ஒவ்வொரு தரமும் இந்த விளாத்தியடிக்கு வரும்போது யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். கூப்பிடாத நாளில் நானாகவே எழும்பிப் போய்விடுகிறேன்.

"கேட்டுதோ இல்லையோ?"

கேட்டுது. வாறன்.